வானியல் வரலாற்றைக் குமரிமுனையிலிருந்து சொன்னால்

தக்கலைக்காரன்:
வணக்கம் மக்களே. எங்கள் ஊர் நூலகத்தில் ஒன்பதாம், பத்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு வானியல் வரலாறு பற்றிப் பேசச் சொல்லியிருக்கிறார்கள். புத்தகங்களைப் புரட்டினால் எல்லாம் ஒரே தடத்தில் போகிறது. பாபிலோன், கிரேக்கம், தாலமி, நடுவில் அரபு நாட்டவருக்கு ஒரு பத்தி, அப்புறம் கோப்பர்நிக்கஸ், கெப்ளர், கலிலியோ. அதில் தப்பு இல்லை. ஆனால் பேச்சைக் கேட்ட பிள்ளை வெளியே வந்து அண்ணாந்து பார்த்தால், கேட்டதற்கும் பார்ப்பதற்கும் ஒட்டே இருக்காது. நம் மாவட்டத்தில் நின்றபடியே சரிபார்க்கக்கூடிய விஷயங்களை வைத்து இதைச் சொல்ல முடியுமா? எங்கே தொடங்கலாம்?

ஆரல்வாய்மொழி கணக்கு சார்:
தம்பி, துருவ நட்சத்திரத்தில் தொடங்குங்கள். அது நமக்கு எவ்வளவு தாழ்வாக இருக்கிறது என்பதே ஒரு பெரிய பாடம்.

கன்னியாகுமரியின் அட்சரேகை 8 பாகை 5 கலை (ஒரு பாகைக்கு 60 கலை). ஆகவே வானத்தின் வடதுருவப் புள்ளி நமக்கு அடிவானத்திலிருந்து 8 பாகை உயரத்தில்தான் இருக்கும். கையை நீட்டி முஷ்டியை மடக்கினால் அதன் அகலம் சுமார் 10 பாகை. அந்த ஒரு முஷ்டி உயரம்கூட இல்லை. சென்னையில் 13 பாகை, டெல்லியில் இருபத்தெட்டரை, ஏதென்ஸில் 38. பூமி தட்டையாக இருந்தால் இத்தனை தூரத்தில் இருக்கும் ஒரு நட்சத்திரம் ஊருக்கு ஊர் இப்படி ஏறி இறங்காது. கி.மு. 4ஆம் நூற்றாண்டில் அரிஸ்டாட்டில் பூமி உருண்டை என்று வாதாடியபோது சொன்ன காரணங்களில் இதுவும் ஒன்று. எகிப்திலும் சைப்ரஸிலும் தெரிகிற சில நட்சத்திரங்கள் வடக்கே போனால் தெரிவதில்லை. கொஞ்ச தூரம் நகர்ந்தாலே வானம் மாறுகிறது என்றால் பூமி உருண்டை மட்டுமல்ல, அப்படியொன்றும் பெரிய உருண்டையும் இல்லை என்றார்.

வடக்கே நாம் இழப்பது தெற்கே கிடைக்கிறது. பிப்ரவரி நடுவில் இரவு ஒன்பது மணி வாக்கில் கடற்கரையில் தெற்கே திரும்பி நில்லுங்கள். கிட்டத்தட்ட 29 பாகை உயரத்தில், மூன்று முஷ்டிக்குச் சற்றுக் குறைவாக, பளிச்சென்று அகத்தியர் நட்சத்திரம் நிற்கும். மேலைநாட்டார் கனோபஸ் என்பார்கள். வானத்தில் சிரியஸுக்கு அடுத்தபடியாகப் பிரகாசமானது இதுதான். கி.மு. முதல் நூற்றாண்டில் பொசிடோனியஸ் இதை வைத்துத்தான் பூமியின் சுற்றளவைக் கணக்கிட்டார். ரோட்ஸ் தீவில் அது அடிவானத்தைத் தொட்டு மறைகிறது, அலெக்சாந்திரியாவில் வட்டத்தில் 48இல் ஒரு பங்கு உயரம் ஏறுகிறது, இரண்டு ஊருக்கும் இடையே 5000 ஸ்டேடியா. ஆக மொத்தம் 2,40,000 ஸ்டேடியா என்றார். கோணமும் தூரமும் அத்தனை துல்லியம் இல்லை. ஆனால் வழிமுறை பழுதில்லாதது. ரோட்ஸ்காரருக்கு அடிவானத்தில் மினுக்கிட்டு மறைந்த நட்சத்திரம் நமக்குக் கண் கூசும்படி மேலே நிற்கிறது. பிள்ளைகளைக் கூட்டிப்போய்க் காட்டுங்கள்.

முட்டத்துக் கடலோடி:
சார் சொன்ன துருவ நட்சத்திரத்தைக் கரையில் நின்று பார்க்க ஆசைப்படும் பிள்ளைகள் ஏமாந்துபோகும். நமக்கு வடக்கே முழுக்க மலை. வேளிமலை, அதற்குப் பின்னால் மேற்குத் தொடர்ச்சி மலை. போதாக்குறைக்குத் தென்னந்தோப்பு, பனைமரம், இப்போது செல்போன் கோபுரம். எட்டுப் பாகையில் இருப்பது இதற்கெல்லாம் நடுவில் மாட்டிக்கொள்ளும். வெளிக்கடலில் போய்ப் பார்த்தால்தான் ஒழுங்காகத் தெரியும். கரை தாழத் தாழ மலையும் தாழும், நட்சத்திரம் தனியாக நிற்கும். ஜிபிஎஸ் வருவதற்கு முன்னால் ராத்தொழிலுக்குப் போன எங்கள் பெரியவர்கள் விடிவெள்ளியையும் கார்த்திகைக் கூட்டமான ஆறாமீனையும் பார்த்து நேரம் சொல்வார்கள், கரை திரும்பும் திசை பிடிப்பார்கள்.

நாஞ்சில் மகள்:
முட்டத்து அண்ணே, நீங்கள் சொன்னதும் மார்கோ போலோ நினைவுக்கு வந்தார். 1290களில் சீனாவிலிருந்து கடல்வழியாகத் திரும்பும்போது நம் கரையைத் தாண்டிப் போனவர். குமரியைப் பற்றி அவர் சொல்லும் முதல் செய்தியே வட நட்சத்திரம்தான். சுமத்திராவிலிருந்து இதுவரை கண்ணில் படாத அந்த நட்சத்திரம் இங்கே கொஞ்சம் தெரிகிறது. அதைப் பார்க்கக் கடலுக்குள் முப்பது மைல் போகவேண்டும், நீர்மட்டத்துக்கு மேலே ஒரு முழ உயரத்தில் தெரியும் என்கிறார். எதற்கு முப்பது மைல் போகவேண்டும் என்று எனக்குப் பிடிபடாமலே இருந்தது. மலை மறைக்கும் என்பது நல்ல விளக்கமாகப் படுகிறது.

ஆரல்வாய்மொழி கணக்கு சார்:
இன்னொரு காரணமும் இருக்கிறது. அன்றைய துருவ நட்சத்திரம் இன்று இருக்கும் இடத்தில் இல்லை. பூமியின் அச்சு ஏறத்தாழ 26,000 ஆண்டுக்கு ஒருமுறை மெதுவாகத் தலை சுற்றுகிறது. இன்று அந்த நட்சத்திரம் துருவப் புள்ளியிலிருந்து ஒரு பாகைக்கும் குறைவான தூரத்தில் இருக்கிறது. மார்கோ போலோ காலத்தில் சுமார் நாலரைப் பாகை தள்ளி இருந்தது. ஆக, குமரியில் அது இரவு நேரத்துக்கு ஏற்ப மூன்றரைப் பாகையிலிருந்து பன்னிரண்டரை வரை ஏறி இறங்கியிருக்கும். தாழ்ந்த நேரத்தில் கரையிலிருந்து பார்த்தால் மலையும் மூடுபனியும் சேர்ந்து விழுங்கிவிடும்.

இந்த அச்சு நகர்வைக் கண்டுபிடித்தவர் கி.மு. 2ஆம் நூற்றாண்டின் ஹிப்பார்க்கஸ். தமக்கு முந்தியவர்கள் குறித்துவைத்த நட்சத்திர இடங்களோடு தம்முடையதை ஒப்பிட்டபோது பிடிபட்டது. தாலமி அதை நூறு ஆண்டுக்கு ஒரு பாகை என்றார். உண்மையில் 72 ஆண்டுக்கு ஒரு பாகை. நம் வீட்டு நாட்காட்டியிலேயே இதைக் காட்டலாம். சூரியன் வடக்கே திரும்புவது டிசம்பர் 21, 22இல். நாம் உத்தராயணம் என்று பொங்கலிடுவது ஜனவரி 14, 15இல். பகலும் இரவும் சமமாவது மார்ச் 20, 21இல். நம் சித்திரை பிறப்பதோ ஏப்ரல் 14இல். நட்சத்திரங்களை ஒட்டி எண்ணும் ஆண்டும் பருவங்களை ஒட்டி எண்ணும் ஆண்டும் மெல்ல மெல்ல விலகியதுதான் அந்த மூன்றரை வார இடைவெளி.

முட்டத்துக் கடலோடி:
அந்த முழக் கணக்கும் சும்மா வந்ததில்லை. அரபு மாலுமிகள் நட்சத்திர உயரத்தை விரல் கணக்கில் அளந்தார்கள். சின்னச் சதுரப் பலகை, நடுவில் துளை, துளையில் முடிச்சுகள் போட்ட கயிறு. கயிற்றைப் பல்லில் கடித்துக்கொண்டு பலகையை முன்னால் நீட்டினால், கீழ் விளிம்பு அடிவானத்திலும் மேல் விளிம்பு நட்சத்திரத்திலும் பொருந்த வேண்டும். எந்த முடிச்சில் பொருந்துகிறதோ அதுதான் அட்சரேகை. கமால் என்று பெயர். ஒவ்வொரு துறைமுகத்துக்கும் ஒரு முடிச்சு. 15ஆம் நூற்றாண்டின் இப்னு மாஜித் இந்தக் கடலின் நட்சத்திர உயரங்களை நூலாகவே எழுதி வைத்தார். வாஸ்கோ ட காமா வருவதற்கு முன்பே இந்தக் கடலில் வானியல் நடந்தது கப்பல் தளத்தில்தான். பிள்ளைகளைக் கொண்டு அட்டையில் ஒன்று செய்யச் சொல்லுங்கள், அரை மணி நேர வேலை.

குழித்துறை:
எல்லாம் சரி. அரிஸ்டாட்டில், ஹிப்பார்க்கஸ், மார்கோ போலோ என்று திரும்பவும் வெளியிலிருந்தே ஆரம்பிக்கிறோமே. 1956 நவம்பர் 1 வரைக்கும் நம் மாவட்டம் திருவிதாங்கூரோடும், பின்பு திருவிதாங்கூர்-கொச்சியோடும் இருந்தது. எங்கள் வீட்டுப் பழைய நில ஆதாரங்களில் இன்றைக்கும் கொல்லம் ஆண்டுதான் இருக்கிறது. கி.பி. 825இல் தொடங்கிய கணக்கு அது. அந்தப் பஞ்சாங்கத்தின் பின்னால் ஒரு பெரிய பள்ளியே இருந்தது. சங்கமகிராமத்து மாதவர், வடசேரி பரமேஸ்வரர், திருக்கண்டியூர் நீலகண்ட சோமயாஜி. நீலகண்டர் 1500இல் தந்திரசங்கிரகம் எழுதினார். கோள்கள் சூரியனைச் சுற்றுகின்றன என்று கோப்பர்நிக்கஸுக்கு நாற்பது ஆண்டு முன்பே சொல்லிவிட்டார். பிள்ளைகளுக்கு முதலில் சொல்லவேண்டியது இதுதான். கோப்பர்நிக்கஸ் நம்மிடமிருந்து எடுத்தது என்றே சொல்லலாம்.

ஆரல்வாய்மொழி கணக்கு சார்:
நீலகண்டரைச் சொல்லியே ஆகவேண்டும், அதில் எனக்கு மறுப்பே இல்லை. ஆனால் அவர் சொன்னதை அவர் சொன்னபடியே சொல்வோம். அதுவே போதிய பெருமை.

அவருடைய அமைப்பில் புதன், வெள்ளி, செவ்வாய், வியாழன், சனி ஐந்தும் சூரியனைச் சுற்றுகின்றன. அந்தச் சூரியன் பூமியைச் சுற்றுகிறது. பூமி நகர்வதில்லை. கோப்பர்நிக்கஸ் 1543இல் சொன்னது பூமியே சூரியனைச் சுற்றுகிறது என்று. இரண்டும் வேறு வேறு. நீலகண்டருக்கு நெருக்கமானவர் டென்மார்க்கின் டைக்கோ பிராகே. அவர் இதே போன்ற அமைப்பை 1588இல் வெளியிட்டார், இவருக்கு ஏறத்தாழ தொண்ணூறு ஆண்டு கழித்து. நீலகண்டர் அங்கே போய்ச் சேர்ந்தது புதனும் வெள்ளியும் தந்த தொல்லையால். பழைய முறையில் இந்த இரண்டுக்கும் திருத்தத்தைத் தப்பான இடத்தில் போட்டுவந்தார்கள். இவர் சரியான இடத்தில் போட்டார். கோள் இருக்கும் இடத்தைக் கணிக்க வேண்டிய கட்டாயம் அவரை அந்த அமைப்பில் கொண்டு நிறுத்தியது.

இங்கிருந்து ஐரோப்பாவுக்குப் போனது என்பதற்கு ஆதாரம் இல்லாதவரை அதைப் பிள்ளைகளிடம் சொல்ல வேண்டாம். கோப்பர்நிக்கஸ் கணக்கில் நமக்கு மேற்கே உள்ள ஆசியாவின் சாயல் நிச்சயம் உண்டு. ஈரானின் மராகாவில் 1259இல் எழுந்த வான் ஆய்வகத்தின் நசீருத்தீன் தூசி கண்டுபிடித்த வட்ட இணை (ஒரு வட்டத்துக்குள் பாதி அளவு வட்டம் உருளும் அமைப்பு) அவர் நூலில் இருக்கிறது. டமாஸ்கஸின் இப்னு அல்ஷாதிருடைய நிலா அமைப்பும் அவருடையதும் ஏறக்குறைய ஒன்றேதான். புத்தகங்களில் அரபு நாட்டவருக்கு ஒரு பத்தி என்றீர்களே, அந்தப் பத்தியை விரிக்க வேண்டிய இடம் இதுதான்.

ஒன்று கவனியுங்கள். 1610 கடைசியில் கலிலியோ தொலைநோக்கியில் வெள்ளி பிறைபோல வளர்ந்து தேய்வதைக் கண்டார். வெள்ளி சூரியனைச் சுற்றினால்தான் அப்படி முழுச் சுற்றும் தெரியும். எல்லாமே பூமியைச் சுற்றுகின்றன என்ற தாலமி அமைப்பு அன்றே விழுந்தது. ஆனால் நீலகண்டர் அமைப்பு விழவில்லை, டைக்கோ அமைப்பும் விழவில்லை. இரண்டிலும் வெள்ளி சூரியனைத்தானே சுற்றுகிறது! பூமியும் ஓடுகிறது என்பதற்கு நேரடிச் சான்று கிடைக்க 1729 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. நட்சத்திர ஒளி சற்றுச் சாய்ந்து வருவதைப் பிராட்லி கண்டபோதுதான் அது கிடைத்தது. பூமி ஓடுவதால் நட்சத்திரம் சற்று இடம் மாறித் தெரிவதை, அதாவது நட்சத்திர இடமாறு தோற்றத்தை, பெசல் அளந்தது 1838இல். திருக்கண்டியூரில் உட்கார்ந்து வெறும் கண்ணால் பார்த்து எழுதியவரின் அமைப்பு, கலிலியோவின் தொலைநோக்கிச் சோதனையைத் தாங்கி நின்றிருக்கும். எனக்கு இது மற்ற எந்தப் பெருமையைவிடவும் பெரிதாகத் தெரிகிறது.

தக்கலைக்காரன்:
சார், இது எந்தப் புத்தகத்திலும் இப்படிச் சேர்த்துப் படித்ததில்லை. பேச்சின் நடுவில் வைத்துவிடுகிறேன். இன்னொன்று. புறநானூற்று 30ஆம் பாட்டில் உறையூர் முதுகண்ணன் சாத்தனார், ஞாயிற்றின் வீதியையும் காற்று திரியும் திசையையும் வெறும் ஆகாயத்தையும் நேரில் போய் அளந்து வந்தவர்களைப்போல இவ்வளவு என்று சொல்பவர்களும் உண்டு என்கிறார். அப்படி அளந்தவர்கள் எப்படிக் கணக்குப் போட்டார்கள் என்று தெரியுமா?

சுசீந்திரம் வடக்குத் தெரு:
சங்க காலத்து முறை தெரியாது. பிற்காலத்து முறை ஒன்று எங்கள் தாத்தா வழியில் காதில் விழுந்திருக்கிறது. சின்னச் சின்ன வாக்கியங்கள். அர்த்தம் பார்த்தால் ஏதோ ஆசீர்வாதம் மாதிரி இருக்கும். எழுத்தை எண்ணாக்கினால் நிலாவின் இடம். முதல் வாக்கியம் ‘கீர்ந: ஸ்ரேய:’. கடபயாதி முறைப்படி எண்ணாக்கித் திருப்பிப் படித்தால் 12 பாகை 3 கலை. முதல் நாள் நிலா நகரும் தூரம் அது. இப்படி 248 வாக்கியங்கள். வாக்கியப் பஞ்சாங்கம் என்ற பெயரே இதிலிருந்துதான். சார், ஏன் 248?

ஆரல்வாய்மொழி கணக்கு சார்:
நிலா ஒருமுறை மெதுவாக, ஒருமுறை வேகமாக ஓடும். அந்த வேகச் சுற்று 27.55 நாள். ஒன்பது சுற்று என்றால் 247.99. அதாவது 248 நாள் முடிந்ததும் அதே வேகம், அதே வரிசை மறுபடி. அதனால் 248 எண்களை மனப்பாடம் செய்தால் காலத்துக்கும் போதும், அவ்வப்போது சிறு திருத்தம் மட்டும். இதே 248 நாள் முறை பாபிலோன் களிமண் பலகைகளிலும் எகிப்தின் கிரேக்கப் பாப்பிரஸ்களிலும் இருக்கிறது. குழித்துறைத் தம்பி, உள்ளே வெளியே என்று கோடு போடுவது எவ்வளவு கஷ்டம் என்று இதிலேயே தெரிகிறது பாருங்கள்.

இதை நேரில் பார்த்து எழுதிய ஐரோப்பியர் இருவர், இருவருக்கும் சொல்லிக் கொடுத்தவர்கள் தமிழர்கள். லெ ஜாந்தில் 1769இல் வெள்ளி சூரியனைக் கடப்பதைப் பார்க்கப் புதுச்சேரியில் தங்கியிருந்தார். அன்று காலை மேகம் மூடிவிட்டது. ஆனால் அங்கே ஒரு தமிழரிடம் கிரகணக் கணக்கைக் கற்றார். 1765 ஆகஸ்ட் 30 சந்திர கிரகணத்தை அந்த முறையில் போட்டபோது, கிரகணம் நீடித்த நேரம் 41 விநாடி குறைவாக வந்தது. அன்றைய ஐரோப்பாவின் சிறந்த அட்டவணையான தொபியாஸ் மாயருடையது 68 விநாடி கூடுதலாகக் காட்டியது. அடுத்தவர் ஜான் வாரன். 1825 மே 31 இரவுக் கிரகணத்தை ஒரு பஞ்சாங்கக்காரர் தரையில் சோழிகளை வைத்து வைத்துக் கணக்கிட்டதை அவர் பக்கத்தில் இருந்து பார்த்தார். ஒரு எழுத்து எழுதவில்லை, எல்லா அட்டவணையும் நினைவில். தொடக்கத்தில் 4 நிமிடப் பிழைதான். நடுவில் 23, முடிவில் 52 நிமிடம். அந்தக் கணக்கின் பின்னால் இருக்கும் கோட்பாடு அவருக்குத் தெரியாது என்றும் வாரன் எழுதுகிறார்.

குழித்துறை:
கோட்பாடு தெரியாது என்று அந்த வெள்ளைக்காரர் எழுதியதை நாமும் திருப்பிச் சொல்லவேண்டுமா சார்? சோழியை வைத்து நாலு நிமிடத்தில் கிரகணத்தைப் பிடித்தவர் அவர்.

ஆரல்வாய்மொழி கணக்கு சார்:
தம்பி, அந்த மனிதரைக் குறைத்துச் சொல்ல எனக்கு மனமில்லை. நூற்றாண்டுக் கணக்கில் பயன்பட்ட ஒரு கருவியை அவர் தலைக்குள் சுமந்தார். ஆனால் முடிவில் 52 நிமிடம் விலகியதற்கு யார் பொறுப்பு? வானத்தைப் பார்த்துத் திருத்துவது நடுவில் நின்றுபோனதுதான்.

அது நிற்காத காலத்தைப் பாருங்கள். ஹரிதத்தர் 683இல் கோள்களின் இடத்தைக் கணிக்கும் பரகித முறையைக் கொடுத்தார். ஏழு நூற்றாண்டுக்கு மேல் ஓடியபின் கணக்குக்கும் கண்ணுக்கும் விலகல் வந்தது. பரமேஸ்வரர் கிரகணம் கிரகணமாகப் பார்த்துக் குறித்தார். ஐம்பத்தைந்து ஆண்டு இதைச் செய்தார் என்று நீலகண்டர் எழுதியிருக்கிறார். அதன் விளைவுதான் 1431இல் வந்த திருக்கணிதம். நம் வீட்டில் வாக்கியமா, திருக்கணிதமா என்று இன்றும் பேச்சு வருகிறதே, அந்தத் திருக்கணிதம் என்ற பெயரும் இதே சொல்தான். டைக்கோ தம் தீவில் ஆண்டுக்கணக்கில் செவ்வாயைக் குறித்தார், அந்தக் குறிப்பில் 8 கலை ஒட்டவில்லை என்பதற்காகக் கெப்ளர் வட்டத்தையே கைவிட்டு 1609இல் நீள்வட்டத்துக்குப் போனார். அதே குணம்தான் பரமேஸ்வரருடையது. தான் போட்ட கணக்கைவிட வானத்தை நம்புகிற குணம். என் கண்ணுக்கு இந்த வரலாற்றில் கிழக்கு மேற்கு என்ற பிரிவைவிட, பார்த்துத் திருத்தியவர், திருத்தாதவர் என்ற பிரிவுதான் தெரிகிறது.

குழித்துறை:
பரமேஸ்வரரையும் கெப்ளரையும் ஒரே வரியில் வைத்துச் சொல்வதென்றால் எனக்கு முழுச் சம்மதம். தக்கலை அண்ணே, பரமேஸ்வரருக்கு ஒரு பகுதி கட்டாயம் ஒதுக்குங்கள். பாண்டிச்சேரியைச் சொன்னதால் இன்னொன்றும் சேருங்கள்: 1689 டிசம்பரில் அங்கே ரிஷோ என்ற பாதிரியார் வால்நட்சத்திரம் பார்க்கும்போது ஆல்பா செண்டாரி இரட்டை நட்சத்திரம் என்று தொலைநோக்கியில் கண்டார். குமரியில் அது 21 பாகை உயரம் வரை ஏறும், மே மாத இரவில் நன்றாகப் பார்க்கலாம்.

நாஞ்சில் மகள்:
பிள்ளைகள் கையால் செய்யும்படி ஒன்று சொல்லட்டுமா? நான் வேலை பார்ப்பது பெங்களூரில். வரைபடத்தைப் பார்த்தால் பெங்களூர் 77.59 பாகை கிழக்கு, கன்னியாகுமரி 77.55. ஏறக்குறைய நேர் வடக்கு! கி.மு. 3ஆம் நூற்றாண்டில் எகிப்தில் இரண்டு ஊர் நிழலை ஒப்பிட்டுப் பூமியின் சுற்றளவைக் கணக்கிட்ட எரட்டோஸ்தனிஸ் செய்ததை அப்படியே செய்யலாம். அவருக்கு சயீனில் நிழலில்லா நண்பகல், நமக்குக் குமரியில். நம் மாவட்டத்திலிருந்து பெங்களூருக்கு வேலைக்குப் போகாத வீடு எது? ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு அண்ணனோ அக்காவோ இங்கே இருப்பார்கள்.

ஆரல்வாய்மொழி கணக்கு சார்:
அருமை அம்மா. குமரிமுனையில் சூரியன் உச்சந்தலைக்கு வருவது ஏப்ரல் 10 அல்லது 11, மறுபடி செப்டம்பர் 1 வாக்கில். செப்டம்பரில் மேகத்தை நம்ப முடியாது, ஏப்ரலையே வைத்துக்கொள்ளுங்கள். அன்றைய உச்சி நேரம் இரண்டு ஊரிலும் 12 மணி 21 நிமிடம் வாக்கில். குமரியில் கம்பின் நிழல் காலடியில் அடங்கும். பெங்களூரில் ஒரு மீட்டர் கம்புக்கு எட்டரை சென்டிமீட்டர் நிழல் விழும். அது 4.9 பாகைக் கோணம். இரு ஊருக்கும் நேர்க்கோட்டுத் தூரம் சுமார் 541 கிலோமீட்டர். ரோடு தூரத்தைப் போட்டுவிடாதீர்கள், விடை வீங்கிவிடும். 541ஐ 360ஆல் பெருக்கி 4.9ஆல் வகுத்தால் 40,000 கிலோமீட்டருக்குப் பக்கத்தில் வரும்.

ஆங்கிலேய நில அளவையாளர் லாம்டன் 1800களின் தொடக்கத்தில் இதையே பெரிய அளவில் செய்தார். குமரிமுனைப் பக்கமிருந்து வடக்கே கோடு போட்டு, சங்கிலியால் தூரமும் நட்சத்திரத்தால் கோணமும் அளந்து, பூமி எந்த அளவுக்குத் தட்டையான உருண்டை என்று பார்த்த வேலை அது. தென்கோடி அளவு நிலையம் குமரிமுனைக்குப் பக்கத்தில்தான் இருந்தது.

முட்டத்துக் கடலோடி:
காந்தி மண்டபத்தையும் சேருங்கள். அக்டோபர் 2 உச்சியில் அஸ்தி வைத்த இடத்தில் வெயில் விழும்படி கட்டியிருக்கிறார்கள். எல்லாப் பிள்ளைக்கும் தெரிந்த இடம்.

ஆரல்வாய்மொழி கணக்கு சார்:
நல்லது. அங்கே ஒரு கேள்வியும் கேளுங்கள்: ஆண்டில் வேறு எந்த நாளில் அதே வெயில் அதே இடத்தில் விழவேண்டும்? சூரியன் தெற்கே போகும்போது ஒருமுறை, திரும்பும்போது ஒருமுறை அதே சாய்வில் நிற்கும். மார்ச் 11 வாக்கில் பிள்ளைகளைக் கூட்டிப்போய்ப் பார்க்கச் சொல்லுங்கள்.

தக்கலைக்காரன்:
அப்படியே செய்கிறேன் சார். ஏப்ரல் அளவை எடுக்கும்போது கவனிக்க வேண்டியது ஏதாவது உண்டா?

ஆரல்வாய்மொழி கணக்கு சார்:
மூன்று விஷயம். கம்பு செங்குத்தாக நிற்கிறதா என்று நூலில் கல் கட்டித் தொங்கவிட்டுச் சரிபாருங்கள், கண்ணளவு போதாது. தரை சமமா என்று ஒரு தட்டில் தண்ணீர் வைத்துப் பாருங்கள். அப்புறம், நிழலின் நுனி கூர்மையாக விழாது. சூரியன் அரைப் பாகை அகலம் என்பதால் ஒரு மீட்டர் கம்பின் நுனி நிழல் ஏறத்தாழ ஒன்பது மில்லிமீட்டருக்கு மங்கிப் போயிருக்கும். ஒரு மில்லிமீட்டர் பிசகினாலே விடையில் சுமார் 470 கிலோமீட்டர் போய்விடும். கம்பின் உச்சியில் ஊசித்துளை போட்ட அட்டையை ஒட்டிவிட்டால் நிழலுக்குப் பதில் சின்ன வெளிச்ச வட்டம் விழும், அதன் நடுவைக் குறிக்கலாம். பன்னிரண்டு மணியிலிருந்தே ஐந்து நிமிடத்துக்கு ஒரு புள்ளி வைத்துக்கொண்டு வரச் சொல்லுங்கள், மிகக் குறைந்த நிழல் எது என்று அவர்களே கண்டுபிடிப்பார்கள். பெங்களூர்ப் பக்கம் யார் பார்த்துக்கொள்வது?

நாஞ்சில் மகள்:
நான் இருக்கிறேன். எங்கள் குடியிருப்பு மொட்டை மாடிக்கு அனுமதி வாங்கிவிடுகிறேன். அளவை 12.30க்கு இதே இழையில் போடுகிறேன், நீங்களும் போடுங்கள்.